மதிலுக்கு அந்தப் பக்கம்

புயல் ஓய்ந்த மறுநாள் விடிந்ததிலிருந்து, தையல்காரி வீட்டுக்குள் நின்ற தண்ணீரை வாளியில் மொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் வீசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு டிரைவர்தான் முகாமுக்குப் போய்விட்டானே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம். இடுப்பு விட்டுப்போனதுதான் மிச்சம். தண்ணீர் கணுக்காலை விட்டு இறங்குவேனா என்றது.

நொந்துபோய் மதிலோரம் சாய்ந்தவளின் தலையில் ஒரு வாளித் தண்ணீர் விழுந்தது. ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தாள். காலி வாளியோடு டிரைவர் திருதிருவென்று விழித்தான்.

“ஐயோ, நீங்க முகாமுக்குப் போகலையா அக்கா?”

வாய்வரை வந்த வசவைச் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

“வாளியை எடுத்துட்டு இங்க வா. ரெண்டு பேருமா தெருவுல கொட்டுவோம். அப்புறம் உன் வீடு.”

“திட்ட மாட்டீங்களா?”

“வீடு காயட்டும். உட்கார்ந்து திட்டுறேன்.”