இங்கே குடியிருப்பவர்

அழைப்பு மணி ஒரே தடவை, நீளமாக அடித்தது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை முடித்து வந்து அண்ணன் வீட்டு உள்ளறையில் படுத்திருந்த சின்னவளுக்கு, துணி உலர்த்தும் மெஷின் ஓடி முடித்து அடிக்கும் மணியாகவே அது கனவுக்குள் கேட்டது. புரண்டு படுத்தாள். இந்த வீட்டு ஆட்கள் என்றால் சின்னதாக இரண்டு தடவை அடிப்பார்கள். நீளமாக அடித்தால் வெளியாள். அப்போது செய்ய வேண்டியது எல்லோருக்கும் அத்துபடி. டி.வி. சத்தத்தைக் கூட்டுவது, உள்ளறையைச் சாத்துவது, வாசல் கதவைச் சங்கிலி போட்டபடியே திறப்பது. அதற்குப் பிறகு ஒரே பதில்.

வாசலில் ஒரு பெண் குரல் அவளுடைய முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டது.

"அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்றாள் அண்ணி.

முதன்முதலில் இதைச் சொன்னபோது அண்ணி பாதியிலேயே கதவைச் சாத்திவிட்டாள். அன்றைக்கு வாசலில் நின்றவன், சின்னவள் விட்டுவிட்டு ஓடிவந்த கணவன். அடுத்து அவன் தம்பி வந்தான், அப்புறம் யார் யாரோ. சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. சின்னவளும் தன் பங்குக்குப் பழகியிருந்தாள். செருப்பைக் கட்டிலுக்கு அடியில் விடுவாள். துணியை அறைக்குள்ளேயே காயப் போடுவாள். ஒரு வீட்டில் இருந்துகொண்டே இல்லாமல் இருப்பதும் ஒரு வேலைதான். அதற்கு மட்டும் வாரவிடுமுறை கிடையாது.

அந்த வேலை அவளுக்கு அலுத்துப்போனது சலவைக்கூடத்தில்தான். விரிப்பு மடிக்கும் மேஜைக்கு எதிரே மாநிலத் தேர்தல் அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். ஈர விரிப்பு சூடான உருளைக்குள் நுழைந்து மறுபக்கம் மொடமொடவென்று வருவதற்குள் ஒரு வரி படித்துவிடலாம். அப்படிப் படித்தே முழுவதும் மனப்பாடமாகிவிட்டது. வாக்கு ஆளோடு கூடவே வந்துவிடாது, முகவரியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வீடு மாறினால் பெயரையும் மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பழைய வாக்குச்சாவடிக்குத்தான் போக வேண்டும். அவளுடைய பழைய சாவடியின் வரிசை கணவன் வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு நிற்கும். போன தேர்தலில் அவள் போகவில்லை.

மாற்றுவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. பழைய வாக்காளர் அட்டையின் எண், புதிய முகவரி, அங்கே ஏற்கெனவே பெயர் உள்ள உறவினர் ஒருவரின் எண். இவற்றைக் குறிப்பிட்டு விண்ணப்பித்தால் போதும். பிறகு ஓர் அலுவலர் வீட்டுக்கே வந்து, இந்த ஆள் இங்கேதான் இருக்கிறாரா என்று விசாரிப்பார். ஆமாம் என்றால் பெயர் ஏறும். தன் அட்டையை எடுத்துக் கொடுத்தபோது அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"பட்டியலை யாரு வேணா பாக்கலாமே. அவன் பாத்தா?"

"பாக்கட்டும்ண்ணே. இன்னும் எத்தனை நாளைக்கு செருப்பை ஒளிச்சு வெக்கறது?"

அண்ணியிடம் சொல்ல வேண்டும் என்று இருவருமே நினைத்தார்கள். மற்றவர் சொல்லியிருப்பார் என்றும் இருவருமே நினைத்தார்கள்.

"இல்லைன்னா எப்படிம்மா? இந்த வீட்டு நம்பர்தான் போட்டிருக்கு" என்றது வாசல் குரல். "வாக்காளர் பட்டியலுக்காக வந்திருக்கேன். ஸ்கூல் டீச்சர் நான்."

"போன தடவை வந்தவரு கூரியர்னாரு. அதுக்கு முன்னாடி ஒருத்தர் கேஸ் கம்பெனின்னாரு. நீங்க டீச்சராவே இருந்துட்டுப் போங்க. இங்க அப்படி யாரும் இல்லை."

"அப்ப, குடியிருக்கலைன்னு எழுதிடவா? விசாரணை இன்னியோட முடியுது. அப்புறம் இந்த எலெக்‌ஷனுக்கு மாத்த முடியாது. மறுபடி மாடி ஏற எனக்கு முட்டியும் இல்லைம்மா."

"எழுதிக்குங்க."

சின்னவளுக்குத் தூக்கம் முழுதாகப் போய்விட்டது. அறைக் கதவைத் திறந்தாள். அண்ணி திரும்பாமலே, முதுகுக்குப் பின்னால் கையை அசைத்தாள். உள்ளே போ, உள்ளே போ. எத்தனையோ தடவை சின்னவளைக் காப்பாற்றிய கை அது.

"சங்கிலிய எடுங்கண்ணி. நான்தான் எழுதிக் குடுத்தேன்."

அண்ணி கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். "எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"அண்ணன் சொல்லியிருப்பாருன்னு..."

"அவரா? உப்பு தீந்துபோச்சுன்னு சொல்லவே அவருக்கு நாலு நாள் ஆவும்." அண்ணியின் குரல் தணிந்தது. "வாசல்ல நின்னு பொய் சொன்னவ நான். இப்ப நீயே விலாசத்தை எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கற."

"முடியலண்ணி" என்றாள் சின்னவள்.

சங்கிலியைத் தானே எடுத்துவிட்டு வெறுங்காலோடு மாடிப்படிக்கு ஓடினாள். டீச்சர் பாதிப் படியில், கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நான்தான் அது. இங்கதான் இருக்கேன்."

டீச்சர் தன் கையிலிருந்த தாளில் இருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்களே சொன்னா பத்தாதும்மா. வீட்ல இருக்கறவங்க ஒருத்தர் சொல்லணும். அவங்க இப்பத்தான் இல்லேன்னாங்க." பிறகு மேலே பார்த்துக் குரலை உயர்த்தினாள். "என்னம்மா, இவங்க இங்கதான் குடியிருக்காங்களா?"

கேள்வி படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. கீழ்வீட்டில் யாரோ கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணி வாசலில் நின்றாள். கீழ்வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

டீச்சர் பேனா மூடியைக் கழற்றினாள். சின்னவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். விடிய விடிய நின்ற கால்கள் இப்போதுதான் வலிக்கத் தொடங்கின.

அண்ணி திரும்பி வந்தபோது அவள் கையில், சின்னவள் கட்டிலுக்கு அடியில் விட்டிருந்த ரப்பர் செருப்பு ஜோடி இருந்தது. குனிந்து, வாசலில் அண்ணனின் பழைய செருப்புக்கும் தன் செருப்புக்கும் இடையில் இருந்த இத்தனூண்டு இடத்தில் அதை வைத்தாள். கோணலாக இருந்ததை விரலால் நேராக்கினாள். அப்புறமும் நிமிரவில்லை. சலவைக்கூடத்து ஈரம் இன்னும் காயாத அந்தச் செருப்பைச் சுற்றி, வாசல் சிமெண்டில் மெல்ல ஈரம் பரவத் தொடங்கியது.