இறக்கத்துக்கு ஒரு சைக்கிள்

மலை ஏறும்போது மாரிசாமியின் முட்டி ஒன்றும் சொல்லாது. இறங்கும்போதுதான் வாயைத் திறக்கும். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குத்து. இருபத்தாறு வருடமாக ஒரே பாதையில் இறங்கிய முட்டி, கேட்க வேண்டியதைத்தானே கேட்கிறது என்று அவரும் பொறுத்துத்தான் பார்த்தார்.

கொட்டச்சேட்டுக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் அவர் லைன்காரர். கரண்டு லைன் இல்லை, தண்ணீர் லைன். உச்சியில் இருக்கும் சுனைத் தொட்டியிலிருந்து நாலு கிலோமீட்டர் கீழே, காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்பர் மெஷின் வரைக்கும் ஓடுகிற குழாய் அவர் பொறுப்பு. சுனைத் தண்ணீர் ராத்திரி முழுக்க, பக்கத்தில் இருக்கும் மேலூர்க்காரர்களுக்கு. விடிந்து கடைசிக் குடம் நிறைந்த பிறகு எஸ்டேட்டுக்கு. கடைசிக் குடம் யாருடையதோ அவர் வால்வில் கை வைத்துச் சொன்னால்தான் லைன்காரர் திருப்பலாம். இது எங்கும் எழுதி வைத்ததில்லை. யாரும் மீறியதும் இல்லை.

அது ஏழு மணிக்கு நடக்கும். அப்புறம் வழியில் மூன்று சல்லடைப் பெட்டியில் அடைத்திருக்கும் இலைச்சருகை வழித்துப் போட்டுக்கொண்டே இறங்கி, கீழே சேறு கழிகிற வால்வை மூடினால்தான் தண்ணீர் பல்பருக்கு ஏறும். எட்டு மணிக்கு மெஷின் ஓட வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் பறித்த பழம் தொட்டியில் காத்துக்கிடக்கும். நேரமானால் புளித்துவிடும்.

இந்த வருடப் பழப் பறிப்பு தொடங்கியதிலிருந்து மாரிசாமி கீழே வந்து சேர எட்டே முக்கால் ஆகிக்கொண்டிருந்தது. கணக்கும் மேற்பார்வையும் பார்க்கிற எஸ்டேட் ரைட்டர் மேக்ஸ்வெல் மூன்று வாரம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார். கோபமாகப் பேசியிருந்தால் கூடப் பரவாயில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

“மாரிசாமி, குறை சொல்றேன்னு நெனைக்காதீங்க. அடுத்த திங்கக்கெழம வரைக்கும் பாக்கறேன். அன்னைக்கும் முடியலைன்னா மொளகுக் களத்துக்கு வந்துருங்க. நெழல்ல ஒக்காந்த வேலைங்க.”

மிளகுக் களத்தில் உட்கார வைக்கப்பட்டவர்கள் யாரும் மறு வருடம் வேலைக்கு வந்து மாரிசாமி பார்த்ததில்லை. முதலில் நாற்காலி கொடுப்பார்கள், அப்புறம் வழியனுப்புவார்கள். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. வீட்டில் உட்காருகிற வயது இல்லை.

வண்டியில் இறங்கலாமே என்றால், குழாயோடு போகிற பாதை ஒரு ஆள் அகலம். பாதி வழியில் காட்டெருமை வராமல் கட்டிய இடுப்பு உயரக் கல்சுவர் குறுக்கே நிற்கும். மொபெட்டைத் தூக்கிச் சுவர் தாண்ட முடியுமா? அந்தக் கல்சுவர் பக்கத்தில்தான், ரைட்டர் கூப்பிட்டதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, தொப்பியும் கண்ணாடியும் போட்ட ஒரு பெண் தடித்த டயர் சைக்கிளில் சடசடவென்று வந்தாள். “சாரி அங்கிள்” என்று அவரை ஒதுக்கிவிட்டு, சைக்கிளைத் தோளில் போட்டுச் சுவரைத் தாண்டி, மறுபடி ஏறிப் போனாள். அவர் சுவரைத் தாண்டி முடிப்பதற்குள் அவள் இரண்டாவது வளைவுக்கே போய்விட்டாள். அந்த ‘சாரி அங்கிள்’ இரண்டு நாள் அவர் மண்டையிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் மெஷின் கொட்டகைக்குப் போய் ஸ்தனிஸ்லாஸிடம் தனக்கும் அப்படி ஒரு சைக்கிள் வேண்டும் என்று சொன்னார். எஸ்டேட்டில் உடைகிற எதையும் ஒட்டித் தருகிறவன் ஸ்தனிஸ்லாஸ்.

“அண்ணா, இந்த வயசுல சர்க்கஸ்ல சேரப் போறீங்களா?”

“மொளகுக் களத்துக்கு சர்க்கஸு தேவலை, கண்ணு.”

அதற்கு மேல் ஸ்தனிஸ்லாஸ் சிரிக்கவில்லை. வீட்டில் கிடக்கும் பழைய சைக்கிளையே ஓட்டலாமா என்று மாரிசாமி கேட்டதற்கு வேண்டாம் என்றான். “அது தார் ரோட்டுக்குப் பொறந்தது. முன்பக்கம் நட்டமா நிக்கும். குழியில சக்கரம் எறங்குச்சுன்னா நீங்க ஹேண்டில் பாருக்கு மேல பறப்பீங்க. சக்கரத்தக் கொஞ்சம் முன்னால தள்ளி, சாய்ச்சு வெக்கோணும். சீட்டு கீழ இருக்கோணும். எறங்கறப்ப நீங்க சீட்லயே ஒக்காரக் கூடாது.”

சேலத்தில் பழைய சைக்கிள் பிரித்து விற்கிற கடையிலிருந்து தடித்த டயர் சக்கரம் இரண்டு, முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவட்டை ஒன்று, பிரேக்கு, அகல ஹேண்டில் பார் எல்லாம் மூட்டையாகப் பஸ்ஸில் வந்தது. சட்டத்துக்கு மட்டும் குழாய் இல்லை. நாற்றுப் பந்தலைப் பிரித்தபோது மிஞ்சிய இரும்புக் குழாய்கள் காப்பி காயப்போடுகிற களத்தில் கிடந்தன. மெல்லிய சுவர், நல்ல இரும்பு. அங்கே வேலை செய்கிற பெண்கள் காற்றடித்தால் தார்ப்பாய் பறக்காமல் இருக்க ஓரத்தில் அவற்றைப் பாரமாக வைத்திருந்தார்கள். அந்தப் பெண்களுக்குத் தலைவி மாரிசாமியின் மனைவி வேலம்மாள்.

“குழாயத் தூக்கிட்டுப் போறீங்களே, தார்ப்பாய்க்கு உங்க தலையவா வெக்கறது?”

“வெய்யி. அது நல்ல கனமுன்னு நீதான சொல்லுவ.”

“அது வேற மாதிரி சொன்னதுங்க.”

ஸ்தனிஸ்லாஸ் குழாயை அறுத்து, முனையை வளைவாக ராவி, ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நூல் இடைவெளி தெரிந்தாலும் திரும்ப ராவினான். மூன்று சாயங்காலம் அதற்கே போனது. ஞாயிறு மதியம் கேஸ் பற்றவைத்து, பித்தளைக் கம்பியை உருக்கி மூட்டுகளை ஒட்டினான். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் பிய்த்துக்கொண்டு வராமல் இருக்க ஒவ்வொரு குழாயிலும் ஊசித்துளை போட்டிருந்தான். சட்டத்தின் கீழ்க்குழாய்த் துளையிலிருந்து மெல்லியதாகப் புகை வந்தது.

“என்ன பொகை?” என்றார் மாரிசாமி.

“பழைய பெயிண்டுங்க.”

சாப்பாடு கொண்டுவந்த வேலம்மாள் மூக்கை உறிஞ்சினாள். “ஆரு ஊட்லயோ கொட்டை வறுக்கறாங்க. தீய விட்டுப்போட்டாங்க.” யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எஸ்டேட் குடியிருப்பில் எந்த நேரமும் எவராவது காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

வேலை முடிந்து சட்டம் ஆறியதும் ஸ்தனிஸ்லாஸ் அதை ஸ்பேனரால் தட்டினான். கணீரென்றது. “இரும்புக்கு ஒரு நல்ல கொணம் இருக்குதுங்கண்ணா. திடீர்னு ஒடையாது. மொதல்ல சத்தம் குடுக்கும், அப்பறம் விரியும், அதுக்கப்பறந்தான் ஒடையும். சத்தம் வந்துச்சுன்னா எறங்கிருங்க. அவ்வளவுதான்.”

களத்தில் நாலு சுற்று ஓட்டிப் பார்த்தார். எந்தச் சத்தமும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பறிப்புக்காரப் பெண்களோடு சைக்கிளும், சுற்று ரோட்டில் மேலே போகிற டிராக்டர் டிரெய்லரில் ஏறியது. பெண்களுக்கு உட்கார இடம் போதவில்லை.

“ஏனுங்க மாமா, புது மாப்பிள்ளையா? யாரப் பாக்கப் போறீங்க?” என்றாள் பானு.

“பல்பரு மெஷினத்தான்.”

“அதுக்குக் கல்யாணமாயிருச்சே. ரைட்டரு வெச்சிருக்காரு.”

டிரெய்லரே குலுங்கியது. மாரிசாமிக்குச் சிரிக்க வரவில்லை. பிரேக்கை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொட்டியில் கடைசிக் குடம் மேலூர் அத்தாயியுடையது. அறுபது வயதைத் தாண்டியவர். குடம் கழுத்து வரைக்கும் நிறையும்வரை பேச மாட்டார். குடம் நிறைந்தபோது ஏழு அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. மாரிசாமி கடிகாரத்தைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

“அவசரமா, சாமி?”

“இன்னைக்கு ஒரு நாளுங்க.”

“இதென்ன, நீ இதும் மேல ஏறறதா, இது உம்மேல ஏறறதா?”

“ரெண்டுந்தானுங்க. நடுவுல செவுரு இருக்குதே.”

அத்தாயி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஈரக்கையை வால்வில் வைத்தார். “திருப்பிக்க, சாமி. பாத்துப் போ.”

திருப்பினார். குழாய்க்குள் தண்ணீர் முனகியது. சைக்கிளில் ஏறிப் பிரேக்கில் விரல் வைத்தபடி மெல்ல இறக்கத்தில் விட்டுப் பார்த்தார். சீட்டில் உட்காராமல் மிதிகளில் நின்றார். முதல் பத்தடி கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்புறம் டயர் கல்லைக் கவ்வுவது காலுக்குத் தெரிந்தது. கல் வந்தது, சைக்கிள் ஏறி இறங்கியது, கை கொஞ்சம் வாங்கியது, முட்டி வளைந்து கொடுத்தது. குத்து வரவில்லை. அடுத்த கல்லுக்கும் வரவில்லை. இத்தனை வருடம் தன் எடை முழுவதையும் அந்த ஒரு முட்டியில்தான் போட்டு இறக்கியிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் பெட்டியில் சருகை வழித்தபோது ஏழு பதினெட்டு. கல்சுவரில் சைக்கிளைத் தோளில் போட்டுத் தாண்டினார். இரண்டாவது பெட்டி, ஏழரை. வாய் தானாக எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தது.

அதற்குக் கீழேதான் பாறை இறக்கம். படிப்படியாகக் கல். மூன்றாவது கல்லில் சட்டத்துக்குள்ளிருந்து ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது.

பாட்டு நின்றது. அடுத்த கல்லிலும் கர்ர். அதற்கடுத்த கல்லில் இன்னும் தெளிவாக. பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினார். முதலில் சத்தம் கொடுக்கும். அப்புறம் விரியும்.

ஏழு முப்பத்துமூன்று. கீழே போக இன்னும் இரண்டு கிலோமீட்டர். நடந்தால் எட்டே கால், முட்டி ஒத்துழைத்தால். ஓட்டினால், இந்தப் பாறையில் சட்டம் பிளந்தால், மிளகுக் களம் கூட இல்லை, ஆஸ்பத்திரிதான். இடது பக்கம் ஒரு மூங்கில் புதர், அதற்கப்பால் பள்ளம்.

மாரிசாமி கல்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் உடம்பெல்லாம் களைப்பு இறங்கியது. ஒரு வாரம் இதற்காக ஓடிய களைப்பு இல்லை, இருபத்தாறு வருடக் களைப்பு. விட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. நிழலில் உட்கார்ந்த வேலை.

பிறகு கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு மூட்டிலும் ஓட்டினார். குழாயில் மயிரளவு விரிசல் இருந்தாலும் அவர் நகத்துக்குத் தட்டும். வாழ்நாளெல்லாம் அந்த நகம் தேடியது அதைத்தான். எதுவும் தட்டவில்லை. கிடந்த கல்லை எடுத்துச் சட்டத்தில் தட்டினார். கணீர். ஆனால் அந்தக் கணீருக்குள்ளும் ஒரு கர்ர்.

சைக்கிளைத் தூக்கி முன்சக்கரத்தை வானத்துக்கு நிமிர்த்தினார். சத்தம் கீழ்க்குழாய் வழியாகப் பின்னால் ஓடியது. தலைகீழாகக் கவிழ்த்தார். சத்தம் முன்னால் ஓடிவந்தது.

இன்னொரு முறை சாய்த்தார். மறுபடி ஓடியது. லைன்காரருக்கு இதை வேறு யார் சொல்ல வேண்டும்? விரிசல் இருந்த இடத்திலேயே இருக்கும். ஓடுகிறது என்றால் அது உள்ளே கிடக்கிற ஏதோ ஒன்று. குழாய் நல்ல குழாய்தான்.

“என்னத்த முழுங்கித் தொலைச்ச நீயி?” என்று சைக்கிளிடம் கேட்டுவிட்டு ஏறினார்.

மிச்சப் பாறை முழுக்க அது கர்ர் கர்ர் என்று பேசிக்கொண்டே வந்தது. மூன்றாவது பெட்டியில் சருகை வழித்து, கடைசி வளைவில் ஒரு தடவை பின்சக்கரம் சறுக்கி, அவர் இடது காலால் மண்ணைக் கீறி நிமிர்ந்து, சேறு கழிகிற வால்வுக்கு வந்து மூடும்போது ஏழு ஐம்பத்துநாலு. குழாய் நடுங்கி, தண்ணீர் பல்பர் தொட்டியில் சோவென்று விழுந்தது.

மேக்ஸ்வெல் போனை எடுத்து நேரம் பார்த்தார். பிறகு சைக்கிளைப் பார்த்தார். பிறகு மாரிசாமியின் முட்டியைப் பார்த்தார்.

“நாளைக்கும் இதே நேரம் வந்துருவீங்களா?”

“வந்தர்றனுங்க. அத்தாயிம்மா கொடத்தச் சின்னதா வாங்கினா இன்னும் முன்னாலயே வந்துருவேன்.”

“அப்ப லைனை நீங்களே பாருங்க. மொளகுக் களத்துக்கு நான் வேற ஆளப் போட்டுக்கறேன்.” ரைட்டர் போய்க்கொண்டே திரும்பினார். “அந்தச் சத்தம் என்னன்னு மட்டும் பாத்துருங்க. வளைவுல வர்றப்பவே கேட்டுச்சு.”

மெஷின் கொட்டகையில் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஸ்தனிஸ்லாஸுக்கு முகமே வெளுத்துவிட்டது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, கீழ்க்குழாயின் ஊசித்துளையைத் துரப்பணத்தால் பெரிதாக்கினான். பிறகு நிமிர்த்திக் குலுக்கினான். ஒரு கருப்பு மணி விழுந்தது. இன்னொன்று. அப்புறம் ஏழெட்டு சேர்ந்தாற்போல். தோலெல்லாம் கருகி, உள்ளே எண்ணெய் மினுங்க, நன்றாக வறுபட்ட காப்பிக்கொட்டை.

களத்திலிருந்து வேலம்மாளும் வந்து எட்டிப் பார்த்தாள். கொட்டகை முழுக்க வாசனை பரவியது.

வேலம்மாள்தான் முதலில் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “களத்துல தார்ப்பாய் ஓரமாக் கெடந்த குழாய்ங்க அது. கொட்டையத் தள்ளறப்ப ஈரப் பிசினோட உள்ள போயி அப்பியிருக்குது. சூட்டுல ஒட்டிக் கெடந்தது, கல்லுல குலுங்கி உதுந்திருக்குது. நேத்து மத்தியானமே சொன்னனே, தீய விட்டுப்போட்டாங்கன்னு.”

“நீங்க ஆரு ஊட்லயோன்னுதான சொன்னீங்கக்கா,” என்றான் ஸ்தனிஸ்லாஸ். “எங்கொப்பன் காலத்துலருந்து இங்க இருக்கறனே, காப்பி வாசத்தப் பெயிண்டுன்னு சொல்லிப்போட்டேன். ஆருகிட்டயும் சொல்லாதீங்க.”

“பானுகிட்ட மட்டும் சொல்றேன்,” என்றார் மாரிசாமி.

“அதுக்கு மைக் வெச்சே சொல்லிரலாமுங்க.”

துளைக்கு ஒரு ரப்பர் அடைப்பான் வைத்து அடித்தான். மறுபடி குலுக்கினான். சத்தமே இல்லை.

அவ்வளவு காலையில் மாரிசாமி வீட்டில் உட்கார்ந்து வெகு நாளாகியிருந்தது. வழக்கமாக ஒன்பதரைக்கு வந்து, ஆறிப்போன கேழ்வரகுக் களியை நின்றபடி விழுங்கிவிட்டு மறுபடி வேலைக்கு ஓடுவார். இன்று களி உருண்டையிலிருந்து ஆவி வந்தது. கீரைக் குழம்பை ஊற்றிக்கொண்டு, விரல் சுடச்சுட மெல்லச் சாப்பிட்டார். வேலம்மாள் அந்தக் கருகின கொட்டைகளை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

தட்டைக் கழுவ எழுந்தார். எழும்போது வழக்கமாக முட்டியில் ஊன்றுகிற கையை இன்று ஊன்ற மறந்துபோனார். வேலம்மாள் அதைப் பார்த்தாள், சொல்லவில்லை. சொன்னால் முட்டிக்கு ஞாபகம் வந்துவிடும்.