ஓட்டை விளிம்பில் விரிசல்

ஷர்மினிக்கு வேலை நிரந்தரமாகுமா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். ஜெலாப்பாங்கில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில், தகடுகளைச் சோதிக்கும் அறையில் தற்காலிகமாக இருந்தாள். கவனமாக வேலை செய்கிறவள்தான். ஆனால் மேலாளர் தியாகராஜா வாயிலிருந்து ஒரு 'நல்லது' வாங்குவதற்குள் கல்லில் நார் உரித்துவிடலாம்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. தகட்டில் வெட்டிய ஓட்டைக்குள் கீழிருந்து ஒரு கூம்பு ஏறும், ஓட்டை விரியும். வெட்டுப்பட்ட விளிம்பு விரிசல் விட்டதும் நிறுத்தி, எவ்வளவு தாங்கியது என்று அளக்க வேண்டும். விளிம்பைப் பெரிதாக்கிக் காட்ட ஒரு திரை உண்டு. கறுப்பும் வெள்ளையும்தான் அதற்குத் தெரியும்.

முந்தின நாள் ஆயுத பூசை. தகடு அழுத்தும் இயந்திரங்களுக்கு மாலை, ஃபோர்க்லிஃப்டுக்கு எலுமிச்சம்பழம். சோதனை அறையை மட்டும் ஒருவரும் சீந்தவில்லை. ஷர்மினிக்குப் பொறுக்கவில்லை. தானே சந்தனம் குழைத்து, மேசையில் கிடந்த தகடுகளையும் விட்டுவைக்காமல் பொட்டு வைத்தாள். நடுவில் வைக்கலாமென்றால் அங்கே ஓட்டை. சரியென்று ஓட்டை விளிம்பிலேயே வைத்தாள். காலையில் வந்ததும் துணியால் துடைத்தாள். துடைத்ததாகத்தான் நினைத்தாள்.

கூம்பு ஏற ஆரம்பித்த உடனேயே விரிசல். அடுத்த தகட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. தியாகராஜா கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார்.

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"பாத்தேன் சார். விரிசல்தான். நல்லாவே தெரியுது."

தகடு கமுந்திங்கில் ஓர் ஆலையிலிருந்து வந்தது. அனுப்பிய கனகராஜை அங்கேயே போனில் பிடித்தார் தியாகராஜா.

"தகடு கேட்டா அப்பளம் அனுப்பியிருக்கிறீர். லொறி கொண்டுவந்து எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு போம்."

"நம்ம தகடு அப்படி உடையாது சார். இன்னொரு தடவ பாருங்க லா," என்று கெஞ்சியது கனகராஜின் குரல். தியாகராஜா போனை வைத்துவிட்டார்.

அத்தாட்சிக்கு அனுப்புவதற்காகத் தகட்டை எடுத்தாள் ஷர்மினி. விரிசலில் நகம் பட்டது. விரிசல் நகத்தோடு பெயர்ந்து வந்தது. அடியில் தகடு முழுசாகப் பளபளத்தது. நகத்தை மோந்து பார்த்தாள். சந்தனம்.

பேசாமல் துடைத்துப் போட்டால் ஒருத்தருக்கும் தெரியாது, வேலையும் கிடைத்துவிடும். ஆனால் கனகராஜ் கெஞ்சியது காதைவிட்டுப் போகமாட்டேன் என்றது. தன் பக்தியை நினைத்து அவளுக்கே ஆத்திரமாக வந்தது.

"சார், விரிசல் விட்டது தகடு இல்ல. காஞ்ச சந்தனம். நான்தான் வெச்சேன்."

தியாகராஜா தகட்டை வாங்கி மோந்து பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் மோந்தார். "புதுத் தகடு போடுங்கோ," என்றார்.

பொட்டுப் படாத தகட்டில் கூம்பு ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. விளிம்பு விரிசல் விட்டபோது, தாங்க வேண்டிய அளவைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது.

தியாகராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு போனை எடுத்தார்.

"கனகராஜ், உங்கட தகடு நல்லது. எங்கட சந்தனம்தான் தாங்கேல்லை."

அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. அது அடங்கும்வரை தியாகராஜா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். பிறகு ஷர்மினியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"அடுத்த வருசம் ஆயுத பூசைக்கு நீங்க லீவு எடுங்கோ."

"சரி சார்," என்றாள், தலையைக் குனிந்தபடி.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகுதான் உறைத்தது, அவர் அடுத்த வருசம் என்று சொன்னது.