பதினெட்டாவது டோஸ்

"ஆடாதீங்கம்மா!" மூன்றாவது முறையாக அதட்டினார் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுப்பவர்.

ஆடியது அவள் அல்ல, அவளுடைய வலது கால். பதினாறு வருடமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். பயிற்சி வண்டியில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பயம் வந்தால் கால் தானாக அதைத் தேடும்.

இன்று பயப்பட விஷயம் இருந்தது. அவளுக்கு வந்தது மார்பகப் புற்றுநோயில் முரட்டு ரகம். ஹெர்-2 என்ற புரதம் எக்கச்சக்கமாகி, வேகமாகப் பரவக்கூடியது. ஆபரேஷன், கீமோ எல்லாம் ஆயிற்று. பிறகு அந்தப் புரதத்தையே குறிபார்த்துப் பிடிக்கும் மருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. பதினேழு டோஸ் பிசகில்லாமல் ஏறியது. கடைசி டோஸுக்கு முன்னால் இதயம் காலை வாரிவிட்டது. சிலருக்கு அந்த மருந்து இதயத்தைக் களைக்க வைக்கும். பம்ப் செய்யும் அளவு அறுபத்திரண்டு சதவீதத்திலிருந்து நாற்பத்தெட்டுக்கு இறங்க, டாக்டர் மருந்தை நிறுத்தினார். ஆறு வாரம் இதய மாத்திரை. இன்று ஐம்பதைத் தாண்டினால்தான் பதினெட்டாவது.

மருந்தேற்றும் அறையில் நர்ஸ் காத்திருந்தாள். ஞாயிறுதோறும் இவளிடமே கார் கற்றுக்கொள்பவள்.

"மருந்தைக் கலக்கச் சொல்லிட்டியா?"

"ரிப்போர்ட் வரட்டும் மாஸ்டர்."

"அதெல்லாம் வந்துடும்டி. சும்மா சொல்லி வை."

"கண்ணாடி பார்க்காம வண்டியை எடுத்தா நீங்க விடுவீங்களா? போன வாரம் அதுக்குத்தானே என் மானத்தை வாங்கினீங்க?"

"கண்ணாடியில நீ பார்த்தது பின்னாடி வர்ற லாரியை இல்ல, உன் மூஞ்சியை!"

பக்கத்து நாற்காலி அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

கதவு திறந்தது. டாக்டர். கையில் தாள், முகத்தில் ஒன்றுமே இல்லை. அவள் கால் தரையை அழுத்தியது.

"ஐம்பத்தேழு" என்றார் டாக்டர். "சிஸ்டர், கலக்கச் சொல்லுங்க."

முக்கால் மணி நேரத்தில் பை வந்தது. நர்ஸ் பெயரை இரண்டு முறை சரிபார்த்து, குழாயைத் திறந்தாள். முதல் சொட்டு விழுந்தது. கால் மறுபடி தரையைத் தேடியது.

"மாஸ்டர், காலை எடுங்க. இது என் வண்டி."

"சரிடி, ஓட்டு. மெதுவாப் போ."

அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவள் கண்ணயர்ந்ததே கிடையாது. அன்று பாதிப் பை இறங்குவதற்குள் குறட்டை கேட்டது.