தூங்குமூஞ்சி ரோஜா

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் தங்கமுத்து ஒருவர்தான் டிராக்டரோடு வந்தார்.

வளவன் இறந்து முப்பதாம் நாள். பங்குனி வெயில் காலை ஒன்பது மணிக்கே மண்டையைப் பிளந்தது. ராசிபுரத்துக்கு வெளியே, பஸ் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த அந்த வீட்டின் வாசலுக்கு டிராக்டர் வருவதற்கு முன்பே அதன் நாற்றம் வந்து சேர்ந்துவிட்டது. கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். வளவனின் மனைவி அமுதவல்லி பொத்தவில்லை. கல்யாணமாகி வந்த முப்பத்திரண்டு வருடங்களில் கணவன் வீட்டாருக்கு முன்னால் அவள் முகத்தில் எதையும் காட்டியதில்லை.

“அம்மிணி, உசுரோட இருக்கறப்ப தம்பிக்கு நான் ஒண்ணுமே செய்யில. அதான் ரெண்டு டன்னு கோழி எருவு கொண்டாந்துட்டேன். நேத்து வாரினது, அப்படியே சூடா இருக்குது பாரு” என்றார் தங்கமுத்து.

வளவனின் அண்ணன் அவர். நாமகிரிப்பேட்டைப் பக்கம் செட்டு என்று அவர் சொல்லும் கோழிக் கொட்டகைகள் மூன்று, முப்பதாயிரம் முட்டைக்கோழி. உலகத்தில் உள்ள எல்லாமே அவருக்குக் கோழிதான். தீவனத்தைக் கொட்டினால் முட்டை விழும். விழாவிட்டால் இன்னும் கொஞ்சம் கொட்ட வேண்டும். பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தார், கோயிலுக்கும் அப்படித்தான் செய்தார். தம்பி செத்ததற்கு அவர் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரில் தம்பி முகத்தைவிட அவர் முகம் பெரிதாக இருந்தது. துக்கத்திலும் அளவு முக்கியம்.

“உங்களுக்கு எதுக்குங்க மாமா சிரமம்?” என்றாள் அமுதவல்லி.

அவள் பேசியது அவ்வளவுதான். எருவை மூலையில் எங்காவது குவித்துவிட்டுப் போவார், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த ஆளிடம் இதற்கு மேல் வாயைத் திறப்பது, முப்பது வருடம் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தனக்குக் குறைச்சல் என்றும் நினைத்தாள். அதுதான் உண்மை.

வெளியே மண்வெட்டியின் சத்தம் கேட்டது. டிராக்டரில் கூட வந்த பண்ணையாள் அம்மாசியின் குரலும் கேட்டது.

“இது பச்ச எருவுங்க. செடி மூட்டுல போட்டா வெந்துருமுங்க.”

“எனக்குச் சொல்லித் தாரயா நீ? போடு, ஒரு அடி ஒசரத்துக்குப் போடு. போட்டுத் தண்ணியக் கட்டு.”

அம்மாசி போட்டார், தண்ணீரும் கட்டினார்.

தோட்டத்தில் பதினொரு ரோஜாச் செடிகள் இருந்தன. பத்து செடிகள் ஓசூரிலிருந்து வந்த ஒட்டுச் செடிகள். அவை போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பதினோராவதை எங்கும் வாங்க முடியாது.

மின்வாரியத்தில் வேலை பார்த்த வளவன் ஏற்காட்டில் இருந்தபோது, கம்பம் நடுவதற்காக ஒரு பழைய பங்களாவின் இடிந்த மதில் ஓரம் குழி தோண்டினார்கள். அங்கே புதருக்குள் ஒரு ரோஜா பூத்திருந்தது. அவர் நாலு குச்சியை வெட்டி, ஈரமான தினத்தாளில் சுற்றி, காலியான டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார். மலைச்செடி கீழே பிழைக்காது என்று எல்லாரும் சொன்னார்கள். அது மேலே குளிரில்தான் ஒடுங்கிக் கிடந்திருக்கிறது. கீழே சித்திரை வெயிலிலும் துளிர்த்தது. இளந்தளிர் செப்பு நிறம். பூ நடுவில் சந்தன மஞ்சளாகவும் ஓரத்தில் வெயில் பட்ட இடம் மட்டும் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். புதிதாகப் பிரித்த தேயிலைப் பொட்டலத்தின் மணம் வரும். காம்பு மட்டும் மெலிந்தது. பூ மலர்ந்ததும் தலையைத் தொங்கப்போட்டுவிடும்.

தங்கமுத்துவின் மனைவி பெருமாயி அதற்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தாள். “டீத்தூள் வாசத்துக்கு ஒரு செடியா? நம்ம மயில்சாமி டீக்கடையில போயி நின்னா சும்மாவே அடிக்குது!” என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். தலைக்கு வைத்தால் சாயங்காலத்துக்குள் உதிர்ந்துவிடும், மாலைக்கும் ஆகாது, அதனால் அது பூவே இல்லை என்பது அவர்கள் கட்சி.

வளவன் சிரித்துவிட்டுப் போவார். சாயங்காலம் செடியின் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு விரலால் பூவின் தாடையை நிமிர்த்திப் பார்ப்பார். பக்கத்தில் நாற்காலி போட்டுப் படித்துக்கொண்டிருக்கும் அமுதவல்லி பார்க்காததுபோல் பார்ப்பாள். அந்தச் செடியின் வகையைப் பற்றி நூலகத்தில் இருந்த ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தில் தேடிப் படித்ததும் அவள்தான். டீ ரோஜா என்ற பழைய ஜாதி, வெப்ப பூமியில் வருடம் முழுக்கப் பூக்கும், கத்தி வைத்தால் கோபித்துக்கொள்ளும் என்று அவள் சொன்னபோது, அவருக்கு ஒரு வாரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

விருந்தாளிகள் ஓய்ந்து நாலாம் நாள்தான் அவள் தோட்டத்துக்குப் போனாள். எருக் குவியலில் கையை வைத்தால் சுட்டது. மண்வெட்டியும் இரும்புச் சட்டியுமாக அறுபத்தோரு வயதில் இரண்டு நாள் அள்ளிக் கொட்டினாள். இலைகளின் ஓரம் ஏற்கெனவே கருகியிருந்தது. சித்திரை பிறந்தபோது ஒட்டுச் செடிகள் விறகாகிவிட்டன. ஏற்காட்டுச் செடி அடியிலிருந்து கருத்துக்கொண்டே வந்தது. நுனியில் ஒரே ஒரு தளிர் மட்டும் பத்து நாள் தாக்குப்பிடித்தது.

அந்தச் சமயத்தில்தான் தங்கமுத்து போன் செய்தார். “என்ன அம்மிணி, பூவு குபுகுபுன்னு பூத்திருக்குமே?”

“பூத்திருக்குதுங்க மாமா.”

அந்த ஆளுக்கு நிஜத்தைச் சொல்வதுகூட ஒரு மரியாதை. அதை ஏன் கொடுப்பது?

தளிரும் போனது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. தம்பியின் சாவு பேனரில் தன் முகத்தைப் பெரிதாகப் போட்டபோதுகூட அந்த மனிதர் மேல் அவளுக்குக் கோபம் வந்ததில்லை, இப்போது வந்தது. கோபத்தினூடே ஒன்று ஞாபகம் வந்தது. பதினைந்து வருடம் முன்பு தங்கமுத்து பண்ணையில் வீடு கட்டிக் குடிபோனபோது, வளவன் அந்தச் செடியில் ஒரு பதியன் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். பெருமாயி அதை வாங்கி, எவர்சில்வர் அண்டாக்களுக்குப் பின்னால் வைத்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

செத்துத்தான் போயிருக்கும். ஆனாலும் மறுநாள் அவள் நாமகிரிப்பேட்டைக்கு பஸ் ஏறினாள்.

பெருமாயி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் வரவேற்றாள். “வா அம்மிணி. பஸ்ஸுலயா வந்தே? ஒரு போனு போட்டா காரு வராதா?”

“அவர் குடுத்த ரோஜாச் செடி ஒண்ணு இருந்துச்சுங்களே அக்கா.”

“தூங்குமூஞ்சியா? அது இன்னும் சாவுல போ! பழைய செட்டுக்குப் பொறத்தால கெடக்குது. ஒரு சொட்டுத் தண்ணி ஊத்துனதில்ல. முட்டை அட்டை காயப்போடறதுக்கு மட்டும் ஆவுது.”

அமுதவல்லி போய்ப் பார்த்தாள். பார்த்த இடத்தில் நின்றுவிட்டாள்.

வேலிக் கம்பியைப் பிடித்து ஏறி எட்டடி உயரத்துக்கு எழுந்து நின்றது செடி. யாரும் வெட்டவில்லை, உரம் வைக்கவில்லை, பாராட்டவில்லை. கழுவிவிடும் தண்ணீர் எப்போதாவது எட்டியிருக்கும். இரண்டு நைந்த முட்டை அட்டைகள் கிளையில் தொங்கின. மேலே நாற்பது ஐம்பது பூக்கள். அவள் வீட்டுப் பாறை மண்ணில் செடி ஒருநாளும் இடுப்புக்கு மேல் வளர்ந்ததில்லை. பூவின் முகத்தைப் பார்க்க வளவன் குத்துக்கால் போட வேண்டியிருந்தது. இங்கே அவள் நிமிர்ந்து நின்றாள். பூக்கள் குனிந்து நேராக அவள் முகத்தைப் பார்த்தன. அவர் இதைப் பார்க்காமலே போய்விட்டார். அவளுக்கு அழுகை வந்தது. முட்டை அட்டையைப் பார்த்ததும் நின்றது.

“அட, அம்மிணி!” தங்கமுத்து வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். விஷயத்தைப் பெருமாயி சொல்லியிருந்தாள். “செடி வேணும்னா என்னையக் கேக்கறதுதானே? நாளைக்குக் காலையில ஜேசிபி வருது. இங்க புதுச் செட்டு போடறோம். வேரோட அப்படியே அள்ளி, டிராக்டர்ல ஏத்தி, உன்ர ஊட்டு வாசல்ல எறக்கிப்போடறேன். அடியில ஒரு லோடு எருவும் போட்டு…”

“வேண்டாமுங்க.”

“எனக்கென்ன அம்மிணி சிரமம்?”

“வேண்டாம்னு சொல்றனுங்க மாமா. நீங்க போட்ட எருவுலதான் அங்க எல்லாம் செத்துப்போச்சு.”

தங்கமுத்துவின் வாய் திறந்தபடி நின்றது. பின்னால் நின்ற அம்மாசி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பூத்திருக்குதுன்னு நீதானே போன்ல சொன்னே?”

 உலகத்திலேயே பெரிய முட்டாள் என்று அமுதவல்லி முடிவுகட்டி வைத்திருந்த மனிதர், சரியான இடத்தில் கேட்டுவிட்டார்.

“சொன்னனுங்க. உங்ககிட்ட நெசம் பேசி என்ன ஆவப்போவுதுன்னு நெனச்சுட்டேன்.”

“கொட்டற அன்னிக்கே ‘வேண்டாம், நிறுத்துங்க’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மீறியா நான் கொட்டியிருப்பேன்?”

“சொல்லியிருக்கோணும்” என்றாள்.

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போனார். புதுச் செட்டைத் தள்ளிப் போடுவதாக அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவர் தள்ளிப் போட மாட்டார். ஒரு செடிக்காகக் கோழியை நகர்த்துகிற ஜென்மம் அது இல்லை.

குச்சி வெட்ட ஐப்பசி மழைதான் நல்லது என்பார் வளவன். இது வைகாசி, வேறு வழியில்லை. பென்சில் கனத்தில், பூத்து முடிந்த கிளைகளாகப் பார்த்து இருபது குச்சிகளை வெட்டி, அன்றைய தினத்தாளை நனைத்துச் சுற்றினாள். டிபன் டப்பா கொண்டுவரவில்லை. பெருமாயி முனகிக்கொண்டே ஒரு தூக்குப்போசியைக் கொடுத்தாள். “திருப்பித் தந்துரு, அது என்ர அம்மா ஊட்டுச் சீரு” என்றாள்.

மறுநாள் ஜேசிபி வந்திருக்கும். அவள் போய்ப் பார்க்கவில்லை.

முருங்கை மர நிழலில், ஆற்று மணலும் செம்மண்ணும் கலந்து, குச்சிகளை நட்டு, மேலே அடியை அறுத்த தண்ணீர் பாட்டில்களைக் கவிழ்த்து வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்காததுபோல் பார்த்ததெல்லாம் கைக்கு வந்தது. பதினாறு குச்சிகள் கருத்துப்போயின. நாலு துளிர்த்தன.

மாசியில் வருஷத் திதி. காலையில் கேட்டுக்கு வெளியே டிராக்டர் சத்தம் கேட்டதும் சாமான்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். டிராக்டர் பெட்டி நிறைய எரு. தங்கமுத்து கீழே இறங்கி நின்றார். கேட்டைத் தள்ளவில்லை.

“இது ஆறு மாசம் ஆறப்போட்டது, மக்குனது. அம்மாசிய வேணும்னா கேளு” என்றார். பிறகு, அவர் குரலில் அவள் கேட்டே இராத ஒரு தயக்கத்தோடு, “உள்ள வரலாமா?” என்றார்.

“நீங்க வாங்க மாமா. டிராக்டர் வேண்டாம்.”

அவர் வந்தார். நாலு செடிகளும் முழங்கால் உயரம்தான். ஒன்றில் ஒரு பூ, வழக்கம்போல் தலையைத் தொங்கப்போட்டிருந்தது. தங்கமுத்து பெருமூச்சோடு குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தடித்த விரலால் அதை நிமிர்த்தினார். தம்பியும் அப்படித்தான் நிமிர்த்துவார். அமுதவல்லி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

“இத்துனூண்டுதான் இருக்குது. ஒரே ஒரு சட்டி எருவு மட்டும் போட்டா…”

“மாமா.”

அவர் வாயை மூடிக்கொண்டார்.