உப்புக்குக் கொடுக்காத சட்டை

என் புருசன் மாரிராஜ் இறந்த பிறகு, ஆற்றங்கரை வயலூரை விட்டு வேப்பலோடைக்கு அப்பால் ஓர் உப்பளத்துக்கு வேலைக்கு வந்தேன். வேலையாட்கள் குடியிருப்பைத் தாண்டினால் கண்ணுக்கெட்டியவரை வெள்ளைப் பாத்திகள்தான். ஊருக்குத் திரும்பினால் எனக்குப் பிழைப்பில்லை. ஆனால் வந்த சில நாளிலேயே கையும் கழுத்தும் வெந்துவிட்டன. மற்ற பெண்கள் வெயிலுக்காகச் சேலைக்கு மேல் புருசன்மார் சட்டையைப் போட்டிருந்தார்கள். உப்பில் சட்டை சீக்கிரம் இற்றுப்போகும். என்னிடம் இருந்தது மாரிராஜ் கடைசியாகக் கழற்றிப் போட்ட சட்டை. அதை நான் துவைக்கக்கூட இல்லை.

"ஏளா, இப்படி வெந்தா எத்தன நாளைக்கு நிப்ப? ஒம் புருசன் சட்டை ஒண்ணுகூட இல்லியா?" என்றாள் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிய பேச்சிச்செல்வி.

"ஒண்ணு இருக்குக்கா. அத உப்புக்குக் குடுக்க மனசு வரல."

மறுநாள் காலையில் அவள் ஒரு கட்டம் போட்ட சட்டையை என் தோளில் போட்டாள்.

"எங்க வீட்டுக்காரவ சட்டை. பீடி நாத்தம் அடிக்கும், பொறுத்துக்க."

"அண்ணன் தேட மாட்டாவளா?"

"தேடுவாவ, கத்துவாவ. கத்துததுக்கு ஆளு இருக்குல்லா. கிழிஞ்சா வேற எடுத்துக்கிடுவாவ."

சட்டை எனக்குப் பெரிதாக இருந்தது. கையை விரல்வரை இறக்கிவிட்டுக்கொண்டு பாத்தியில் இறங்கினேன். ஐப்பசி மழை வந்து உப்பளம் மூடும்வரை அங்கேதான் வேலை செய்தேன்.