உணவறைச் சுவரில் ஹில்டா

வெர்னாவுக்கு உட்கார்ந்து எழுத வராது. இதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது.

கனடாவின் தண்டர் பே நகரில் புது வீடுகளுக்குப் பட்டி பார்க்கிறவள் அவள். லூசியன் ஜிப்சம் பலகைகளை அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். அவனுக்குப் பின்னால் வெர்னா வந்து இணைப்புகளில் நாடா ஒட்டுவாள், ஸ்குரு தலைகளைப் பட்டி வைத்து மூடுவாள், காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். அவளுக்குப் பின்னால் மைரோன் பெயிண்ட் வாளியோடு வருவான். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினால் வெள்ளையாகத்தான் வரும். வலது தோள் தூங்கவிடாது. இந்த உடம்பை வைத்துக்கொண்டுதான் அவளுக்குக் கதை எழுத ஆசை வந்தது.

நூலகத்தில் புதன்கிழமைதோறும் கூடும் எழுத்துக் குழுவில் சேர்ந்தாள். அதை நடத்திய பெண்மணி எல்லோருக்கும் ஒரே மருந்தைத்தான் எழுதிக் கொடுத்தார்: தினமும் எழுதுங்கள், ஒரே நாற்காலி, ஒரே நேரம், முடிந்தால் பக்கத்தில் ஒரு வாசனை மெழுகுவத்தி. வெர்னா வனிலா வாசனையில் ஒன்று வாங்கினாள். ஏற்றிவைத்ததும் பசித்தது. ரொட்டி சுட்டுத் தின்றாள். தின்றதும் அந்த நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். மறுநாளும் அதே கதை. எழுதும் பழக்கம் வரவில்லை, ரொட்டி தின்னும் பழக்கம் வந்துவிட்டது.

காலையில் எழுதிப் பார்த்தாள். நோட்டைத் திறந்தால் நேற்று எழுதிய முதல் வரி அங்கேயே கிடந்து அவளை முறைத்தது. அதைத் திருத்துவாள். திருத்தியதைத் திருத்துவாள். கடைசியில் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வண்டிக் கண்ணாடியில் பனி சுரண்டப் போய்விடுவாள். நோட்டு இளைத்துக்கொண்டே வந்ததே தவிர, கதை ஒரு அடி நகரவில்லை.

இதற்கு முன்னால் அவள் ஆரம்பித்துக் கைவிட்டவை ஏராளம். நீச்சல், கிடார், பல்லிடுக்கில் நூல் விடுவது, ஒரு கல்யாணம். இதுவும் அந்தப் பட்டியலில் போய்ச் சேர்ந்துவிடுமோ என்றுதான் பயந்தாள். மற்றவை போனபோது அவள் பெரிதாக வருத்தப்படவில்லை. இது போனால் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ஒருநாள் பட்டி காயக் காத்திருந்த நேரத்தில் அது தானாக நடந்தது. கையில் தச்சு வேலைக்கான தட்டைப் பென்சில். எதிரே சமையலறைச் சுவர், அலமாரி வந்து மூடப்போகிற இடம். வெர்னா நின்றபடியே எழுதினாள்: ‘மரம் வெட்டும் முகாமில் ஹில்டாதான் சமையல்காரி. அந்தக் குளிர்காலம் முழுக்க ஃபோர்மேன் அவளுடைய சூப்பில் உப்பு இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.’

கை நிற்கவில்லை. தோளை உயர்த்தி, இடமிருந்து வலமாக இழுத்துப் போகிற வேலை அந்தக் கைக்குப் பழசு. பட்டிக் கரண்டிக்குப் பதிலாகப் பென்சில், அவ்வளவுதான் வித்தியாசம். சுவர் நிறைய எழுதினாள். மறுநாள் வந்து பார்த்தால் மைரோன் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிட்டிருந்தான். வரிகள் போயே போய்விட்டன. திருத்த எதுவும் இல்லை. முறைக்கவும் எதுவும் இல்லை. அடுத்த சுவரில் அடுத்த பத்தியை எழுத வேண்டியதுதான். மோசமாக எழுதினாலும் கவலை இல்லை, நாளைக்குள் மைரோன் மூடிவிடுவான்.

அன்றிலிருந்து வெர்னாவுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் எழுதினாள். சுவருக்குள் ஆள் நுழையும்படி கட்டிய துணி அலமாரிக்குள், குளியலறைக் கண்ணாடி வரும் இடத்தில், மாடிப்படிக்கு அடியில். உயரத்தில் வேலை செய்யப் பட்டிக்காரர்கள் கட்டிக்கொள்ளும் பொய்க்கால்களோடு காலி வீடுகளில் டக்டக்கென்று நடந்துகொண்டே அடுத்த வரியை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். ஒருமுறை ஹில்டா முகாமின் ஒரே அடுப்பைத் திருடிச் சறுக்குவண்டியில் ஏற்றிவிட்டாள் என்பது திடீரென்று தெரிந்தபோது, பொய்க்காலோடு ஒரு சுற்று ஆடியேவிட்டாள். எழுத்துக் குழுவில் எங்கே எழுதுகிறீர்கள் என்று கேட்டார்கள். வேலை இடத்தில் என்றாள். உங்கள் முதலாளி ரொம்ப நல்லவர் போலிருக்கிறது என்றார் அந்தப் பெண்மணி. முதலாளி ஆர்னிக்கு இது தெரியவே தெரியாது.

சுவரில் எழுதுவதற்கு இந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான்: பென்சில் மட்டும். மார்க்கரால் எழுதினால் எத்தனை பூச்சு அடித்தாலும் மை கசிந்து மேலே வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுப்பது இது. வெர்னாவே பல பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பென்சிலை லூசியன் வாங்கிக்கொண்டு போயிருந்தான். அவன் வாங்கிய பென்சில் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. சமையலறைச் சுவரை மறைத்துப் பலகைகள் சாத்தியிருந்தன. வெர்னா உணவறையில் பொய்க்காலில் நின்றுகொண்டிருந்தாள். ஹில்டாவும் ஃபோர்மேனும் உறைந்த ஏரியின் நடுவே இருந்தார்கள். வரி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சட்டைப் பையில் கை விட்டாள், ஏதோ ஒன்று தட்டுப்பட்டது, எழுதினாள். எழுதும்போது சுகமாக வழுக்கிக்கொண்டு போனதை மட்டும் கவனித்தாள். பாதி வரியில் வெளியே ஆர்னி வண்டி ஹாரனை அடித்து, வேறொரு வீட்டில் கூரை ஒழுகி இணைப்பெல்லாம் ஊறிவிட்டது, உடனே வா என்றான். பொய்க்காலை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடினாள்.

மறுநாள் வேறு வீடு, வேறு சுவர். எங்கே விட்டோம் என்று அவளுக்குச் சரியாக நினைவில்லை. ஹில்டாவை அக்கரை சேர்த்து, அங்கிருந்து ஆரம்பித்துவிட்டாள்.

வீடு வாங்கியவர்கள் சாவி வாங்குமுன் பார்வையிட வருகிற நாளன்று ஆர்னி போன் செய்தான். அவன் குரல் தாழ்ந்திருந்தது. ஆர்னி கத்தினால் பயமில்லை, தாழ்ந்து பேசினால்தான் பயம்.

வெர்னா உணவறைக்குள் நுழைந்தபோது மைரோன் வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். ஆர்னி தொப்பியைக் கையில் வைத்திருந்தான். வீட்டுக்காரி திருமதி பிரையரும் அவள் கணவரும் அண்ணாந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெண்ணெய் நிறப் பெயிண்டுக்கு மேல், விட்டத்துக்குச் சற்றுக் கீழே, இளம் ஊதாவில் ஹில்டா வந்திருந்தாள்.

‘பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம் கேட்டது. ஹில்டா அடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். ஃபோர்மேன் நின்ற இடத்தில்’

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெறும் வெண்ணெய்.

“இது என்ன கையெழுத்துன்னு எனக்குத் தெரியும்,” என்றான் ஆர்னி. “பட்டி வாளி மேல தேதி எழுதுற கை.”

வெர்னா பொய் சொல்ல நினைத்தாள். ஆனால் மூளை முழுக்க வேறொரு வேலையில் இருந்தது: ஃபோர்மேன் நின்ற இடத்தில் என்ன? ஐயோ, அதை எழுதவே இல்லையே.

திருமதி பிரையர் இது தங்கள் உணவறை, கழிவறைச் சுவரில்கூட இப்படிக் கிறுக்க மாட்டார்கள் என்று ஆரம்பித்து நீளமாகப் பேசினாள். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அந்தக் கோபத்துக்கு அவள் காசு கொடுத்திருக்கிறாள். ஆர்னி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு வெர்னாவிடம் திரும்பி, இனிமேல் தன் வீடுகளில் ஒரு எழுத்து, ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாது என்றான். பென்சிலா பேனாவா என்ற பேச்சே வேண்டாம் என்றான்.

வேலை போகாது என்று வெர்னாவுக்குத் தெரியும், அவள் மாதிரி மூலைகளில் பட்டி இழுக்க இந்த ஊரில் ஆள் கிடையாது. போவது சுவர். சுவர் போனால் மறுபடி நாற்காலி, மெழுகுவத்தி, ரொட்டி.

“மை அடைக்கிற பிரைமர் அடிச்சியா இல்லையா நீ?” ஆர்னி இப்போது மைரோன் பக்கம் திரும்பினான்.

“இல்ல.”

“தீந்துபோச்சா?”

“வேன்ல முழு டின் இருக்கு.”

எல்லோரும் மைரோனைப் பார்த்தார்கள். அவன் கைகளில் காய்ந்திருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“வேணும்னேதான் அடிக்கல,” என்றான். “நான் என்ன பண்றது? முதல் வீட்டுலேர்ந்து படிச்சுக்கிட்டு வரேன். தெனமும் இவ எழுதினதைப் படிச்சிட்டுத்தான் ரோலரையே தொடுவேன். கதவு வேலைக்கு வரவங்களுக்கும் நான்தான் சொல்லுவேன். ஏரி நடுவுல கொண்டுபோய் நிறுத்திட்டு, அடுத்த வீட்டுல பாத்தா ஹில்டா அக்கரையில காப்பி போட்டுக்கிட்டு இருக்கா. அந்த ஆளு என்ன ஆனான்? செத்தானா பொழைச்சானா? எனக்குச் சோறு இறங்கல. கசிஞ்சு வெளிய வந்தா இவளக் கூப்பிடுவாங்க, அப்ப கேட்டுக்கலாம்னு விட்டேன்.”

வெர்னாவின் காது சூடாகியது. யாரும் படிக்கவில்லை என்று நினைத்தல்லவா இத்தனை நாளும் அவள் எழுதினாள்.

“என்னையே கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டா வெக்கப்பட்டு நிறுத்திடுவ. உன்னத் தெரியாதா எனக்கு? அப்புறம், மாடி கழிவறையில எழுதின பத்தி சோம்பேறித்தனம். அதையும் சொல்லிடுறேன்.”

“அன்னைக்கு எனக்கு முதுகுவலி.”

“ஹில்டாவுக்குமா?”

ஆர்னி தொப்பியைத் தலையில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். திருமதி பிரையர் வேறொரு பட்டிக்காரரைப் பார்த்துக்கொள்ளலாமா என்று யோசிப்பதாகச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள், இதுவரை வாயே திறக்காத அவள் கணவர் மெல்ல இருமினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார். “அந்த ஃபோர்மேன் நின்ன இடத்துல என்ன இருந்துச்சு?”

“கிளென்,” என்றாள் திருமதி பிரையர்.

“இல்லம்மா, சும்மா கேட்டேன்.”

எல்லா முகங்களும் வெர்னாவை நோக்கித் திரும்பின. தெரியாது என்றாள். எழுதினால்தான் தெரியும் என்றாள். அது பொய் இல்லை. ஹில்டா அடுப்பைத் திருடப்போவதுகூடப் பென்சில் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. திரு பிரையர் வீட்டுப் பத்திரங்கள் இருந்த உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வெர்னா அதை ஜன்னல் திட்டில் வைத்துக் குனிந்தாள். ஒன்றும் வரவில்லை. தாள் முறைத்தது.

மைரோன் எழுந்து வெளியே போனான். குப்பைத் தொட்டியிலிருந்து ஒரு ஜிப்சம் பலகைத் துண்டைக் கொண்டுவந்து, அவள் தோள் உயரத்துக்குச் சுவரோடு சேர்த்துப் பிடித்தான். காதில் சொருகியிருந்த தட்டைப் பென்சிலை எடுத்துக் கொடுத்தான். அது லூசியன் வாங்கிப்போன அவளுடைய பென்சில். அது எப்படி இவன் காதுக்கு வந்தது என்பதை அவள் அப்போது கேட்கவில்லை.

வெர்னா எழுதினாள். மூன்று பேர் முதுகுக்குப் பின்னால் நிற்பது முதல் வரியில் உறைத்தது. இரண்டாம் வரியில் மறந்துபோனது.

‘ஃபோர்மேன் நின்ற இடத்தில் அவனுடைய தொப்பி மட்டும் இருந்தது. தொப்பிக்குக் கீழே ஃபோர்மேனும் இருந்தான், கழுத்து வரை தண்ணீரில். கயிற்றைப் போடு என்று கத்தினான். ஹில்டா கயிற்றை எடுத்தாள். போடவில்லை. சூப்பில் உப்பு எப்படி இருந்தது என்று கேட்டாள்.’

மைரோன் பலகையைப் பிடித்துக்கொண்டே தலையைச் சாய்த்துப் படித்தான். அவன் சிரித்த சிரிப்பில் பலகை ஆடி, பென்சில் ஒரு கோடு இழுத்துவிட்டது. திரு பிரையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருமதி பிரையர் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

“அவன் என்ன சொன்னான்?” என்று கேட்டது ஆர்னி.

“நாளைக்குத்தான் தெரியும்.”

ஆர்னி தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு மைரோனிடம், வேனிலிருந்து அந்த டின்னை எடுத்துவந்து இந்தச் சுவரை முடி, கூலி கிடையாது என்றான். வெர்னாவை வாசல் வரை கூட்டிப்போனான்.

“துணி அலமாரிக்குள்ள மட்டும்,” என்றான். “பென்சில் மட்டும். மார்க்கர் உன் பையில இருக்கிறதப் பாத்தேன்னா, கையை ஒடிச்சிடுவேன்.”

“சரி.”

“மைரோன் மத்தவங்களுக்குச் சொல்றானாமே. எனக்கு யாரும் சொல்லல.”

மறுநாள் காலை வெர்னா புது வீட்டு மாடியில் துணி அலமாரிக்குள் நின்றாள். உள்ளே பட்டி வாசனை, தோளில் வழக்கமான வலி. கீழே மைரோன் வாளியைக் கலக்கும் சத்தம். இனி பெயிண்ட் அடித்தாலும் எதுவும் மறையாது, ஊரெல்லாம் வாய்வழியாகப் போகும் என்ற நினைப்பு வந்ததும் பென்சில் சுவரைத் தொட மறுத்தது. தொட்டால் மோசமாக வரும். மோசமாக வந்தால் சொல்லிக் காட்டுவான்.

“ஏறி வரலாமா?” என்று கீழேயிருந்து கேட்டான் மைரோன்.

“இன்னும் இல்ல.”

“கழிவறைப் பத்தி மாதிரி இருந்தாக்கூடப் பரவால்ல. நான் இன்னைக்குச் சாப்பிடணும்.”

வெர்னாவுக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. சிரித்த ஆட்டத்தில் பென்சில் முனை தானாகவே சுவரில் பட்டு ஒரு புள்ளி வைத்தது. புள்ளி விழுந்துவிட்டது, இனி என்ன செய்ய முடியும்? அதிலிருந்து இழுத்தாள்.

‘உப்பு, என்றான் ஃபோர்மேன், பல் தந்தியடிக்க, கொஞ்சம் தூக்கல்.’

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு ஜோடிக் கால்கள். ஒன்று மைரோனுடையது. இன்னொன்று, எந்த வீட்டுக்கும் மத்தியானத்துக்கு முன் வராத ஆர்னியுடையது.

“இன்னும் இல்லன்னு சொன்னேன்ல,” என்று கத்திவிட்டு, கயிற்றைச் சுருட்டி மறுபடி சறுக்குவண்டியிலேயே வைக்கிற ஹில்டாவை அவள் அவசர அவசரமாக எழுதத் தொடங்கினாள்.